ஆயிரத்து இருநூறு அடி

சமையல்கட்டுச் சாவியைத்
தாலிக்கொடி ஊக்கில் மாட்டியிருக்கிறேன்.
குனிந்தால் இரண்டும் உரசிக்கொள்ளும்.

முன்பெல்லாம் அர்த்தநாரிக்குச் சோறு போடுவது
பெரும்பாடு.
கொள்ளு கடைந்தால் சூடு என்பார்.
ரசத்தில் மல்லித்தழை மிதந்தால்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித்
தட்டோரம் ஒட்டிவைப்பார்.
கல்யாணமான மூன்றாம் நாள் விருந்தில்
இலைமேல் கையைக் குறுக்கே வைத்துப்
‘போதுங்க’ என்றதில்
அம்மாவுக்கு இன்னும் வருத்தம்:
ஒரு கரண்டி முழுசா விழலையே கண்ணு.

ரிக் வண்டியோடு போனால்
எட்டு மாசம், ஒன்பது மாசம்.
திருச்செங்கோட்டுக்காரன் துளைக்காத பாறை
எந்தச் சீமையிலும் இல்லையென்று சிரிப்பார்.
ராய்ப்பூர் பக்கம் ஒரு சோளக்காட்டில்
கொக்கி நழுவிப்
பைப் வந்து மண்டையில் அடித்தது.

இருபத்திமூன்று நாள் கண் திறக்கவில்லை.
திறந்ததும் கேட்டார், ‘சோறாச்சா?’
நான் அழுத அழுகையில்
ஆஸ்பத்திரி வராந்தாவே கூடச் சேர்ந்து சந்தோசப்பட்டது.
இட்லிக்கு ஓடினேன்.
நாலு. அப்புறம் நாலு.
அப்புறம் பக்கத்துக் கட்டில்காரருடைய ரொட்டி.

டாக்டர் படம் காட்டினார்.
பாதாம்பருப்பு அளவு இடம்.
‘வயிறு நெறஞ்சுதுன்னு சேதி வர்ற எடம் இதும்மா.
வயிறு சொல்லிட்டுத்தான் இருக்கும்.
கேக்கத்தான் ஆளில்லை.’

ஏனுங்க, சாப்டீங்ளா?
எங்கள் பக்கம் வணக்கம் என்பதே இதுதான்.
பால்காரர் கேட்பார், சிலிண்டர் பையன் கேட்பான்,
எதிர்வீட்டு சரோஜாக்கா
கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவும் நிற்பார்.
மீசையில் தயிர் காயுமுன்பே
இவர் சொல்வார்: இன்னும் இல்லீங்க.
பொய்யில்லை. பொய் சொல்லத் தெரியாது இவருக்கு.
சந்துக்குள் நான்
சோறு போடாதவள் ஆனேன்.
சுவருக்கு மேலே யாரோ தூக்குப்போசி நீட்டினார்கள்.

பக்கத்து எருமைக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டையை
ஒருநாள் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாராம்.
தாரணி பார்த்துவிட்டுப்
பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே
வாளியை எட்டி உதைத்துக் கவிழ்த்தாளாம்.
அவள் சொல்லவில்லை.
சரோஜாக்காதான் சொன்னார்.

தாளிப்பதை விட்டுவிட்டேன்.
கடுகு வெடித்தால்
கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுகிறார்.
எனக்கும் தாரணிக்கும் சோறு மொட்டைமாடியில்,
விளக்கில்லாமல்,
களவாணிகள் மாதிரி.
சத்தம் போடும் என்று அப்பளம் வாங்குவதில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு
நங்கையா வீட்டில் கிடாவிருந்து.
பரிமாறியவர்களுக்கெல்லாம் பூரிப்பு.
வைக்க வைக்க வழித்துச் சாப்பிடும் ஒரம்பரையை
எத்தனை வருசம் கழித்துப் பார்க்கிறார்கள்!
நாலாவது தடவை வாளி வந்தபோது
அவர் இலைமேல்
என் கையைக் குறுக்கே வைத்தேன்.
போதுங்க.
கரண்டி நிற்கவில்லை.
கொதிக்கிற குழம்பு புறங்கையில்.
பந்தியில் மெல்லும் சத்தம் நின்றது.
அவர் மட்டும் குனிந்து
சோற்றை உருட்டி
என் கையில் வழிந்ததை
வலிக்காமல், மெதுவாக,
தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பூட்டு ஆடும்.
எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருவேன்.
திட்டிப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று.
இப்போது கேட்பது ஒன்றே ஒன்று:
எத்தனை அடி போயிருக்குங்க?

பூட்டை விட்டுவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்கிறார்.
பத்தடி செம்மண்ணு.
அப்புறம் சுக்கான்.
அறுபதுல கேசிங் எறக்கியாச்சு.
முந்நூறு. வெள்ளைப் புழுதி.
அறுநூத்திநாப்பது. கருங்கல்லு, பிட்டு தேயுது.
நாலு விரலால் தரையைத் தட்டித் தட்டி
இறங்கிக்கொண்டே போகிறார்.

தண்ணி?

இல்லை.

நிறுத்திக்கலாமா?

ஆயிரத்து இருநூறு, என்கிறார்.
கை தானாக வயிற்றுக்குப் போகிறது.
ஈரமே காணோம்.
இன்னொரு நூறடி பாத்துரலாம்.